கரும்பலகையில் என் பெயர்

என் குரல் பெரிய குரல் என்று ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மாமல்லபுரத்துப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தைச் சுற்றிலும் கல் பட்டறைகள். மெஷின் கல்லை அறுக்கும் சத்தத்தில் கணக்கு வாத்தியாரும் கத்துவார், நாங்களும் கத்துவோம். அங்கே எட்டாம் வகுப்பு வரைதான். தொண்ணூறுகளில் ஒரு ஜூன் மாதம் என்னைச் செங்கல்பட்டில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம். வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதுவான். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் வாரம் முழுக்க என் பெயர்தான், வால் மாதிரி குறிகளோடு. நான் ரகசியம்தான் பேசினேன், சத்தியமாக!

"டேய், நீ ரகசியம் சொன்னா ரயில்வே ஸ்டேஷன்ல கேக்குதுடா. மைக் முழுங்கினியா?" என்றான் லீடர். வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார் வாத்தியார். புகார் ஒன்று வந்தாலும் படிப்பை நிறுத்திப் பட்டறையில் விட்டுவிடுவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அப்பா வேட்டியில் கல் தூசியோடு வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"உங்க பையன் ரொம்ப சத்தம் போடறான்."

அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "இன்னா சார்?"

வாத்தியார் திரும்பச் சொன்னார்.

"அய்யய்யோ! வூட்ல வாயே தொறக்க மாட்டான் சார்!"

எதிர் வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தலைமையாசிரியரே ஓடி வந்தார், ஏதோ சண்டை என்று. வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டஸ்டரை எடுத்து என் பெயரை அவரே அழித்தார். பிறகு அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அப்பா சந்தோஷமாகக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி, "ஸ்கூல் மைக் ரிப்பேருடா. திங்கட்கிழமையிலிருந்து பிரேயர்ல உறுதிமொழி நீதான் சொல்ற" என்றார் வாத்தியார்.

எல்லாரும் கேலி செய்த அதே தொண்டைக்கு வேலை கிடைத்துவிட்டது! பஸ்ஸில் அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னாது? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் சொன்னேன். மகனைப் பற்றிய நல்ல சேதியைத் திரும்பத் திரும்பக் கேட்க அப்பாவுக்கு அவ்வளவு ஆசை என்றுதான் அப்போது நினைத்தேன்.