பன்னிரண்டு பேரும் போட்டுக்கொண்ட ஊசி

எங்கள் கபடி அணியில் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். நான் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருந்தேன். வயதில் மூத்தவள் என்பதால் என்னைக் கேப்டன் ஆக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் ஆடுவோம். முன்பு லாரி ரிப்பேர் செய்த இடம் அது. ஆடுவதற்கு முன் கால்மணி நேரம் குனிந்து பொறுக்கினாலும் மண்ணுக்குள் ஒரு போல்ட்டோ தகரத்துண்டோ மிஞ்சியிருக்கும்.

கும்மிடிப்பூண்டிப் போட்டிக்கு நான்கு வாரம் இருந்தபோது எங்கள் கார்னர் ஆட்டக்காரியின் கால் கிழிந்தது. ரெய்டு வருகிறவளின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பதுதான் கார்னரின் வேலை. அவளுக்குப் பத்தொன்பது வயது. அன்றும் பிடித்துவிட்டாள். பிடித்தபடியே விழுந்ததில், நீட்டிக்கொண்டிருந்த துருக்கம்பி ஒன்று முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டது.

சோப்புப் போட்டுக் கழுவித் துணி கட்டினோம். "துருக்கம்பி, ஜன்னி வந்துடும். டி.டி. ஊசி போட்டுக்கினு ஊட்டுக்குப் போ" என்றேன்.

"வேணாங்கா."

"ஏன், ஊசின்னா பயமா?"

அவள் மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது மாசமா இருக்கறவங்களுக்குப் போடறதுக்கா. எங்க தெருப் பொம்பளைங்க பூரா ஆஸ்பத்திரிலதான் குந்திக்கினு இருப்பாங்க. நான் போய் நின்னா சாயங்காலத்துக்குள்ள நைனா காதுக்குப் போயிடும். இப்பதான் ஒரு எடத்துல இருந்து பொண்ணு கேட்டுக்கினு இருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் முதல் ரெய்டர் வேறு காரணம் சொன்னாள். ஊசி போட்டால் கை வீங்கும், ஆட்டம் கெடும். பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவளோ, "தெனம் இரும்பு கீறுது, ஒடம்புக்குப் பழகிப்போச்சு" என்றாள். நான் மட்டும் என்ன? பள்ளிக்கூடத்தில் போட்டதோடு சரி. எத்தனையோ முறை ஒயரும் தகரமும் கிழித்து, மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் காயத்தைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

"சரி வா. நானும் போட்டுக்கறேன். ரெண்டு பேருமா போலாம்" என்றேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் அவள் சொன்னபடியே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் தெருக்காரி, நிறைமாதம். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எத்தினி மாசம்?" என்று கேட்டாள்.

கார்னர்காரி டிராக் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கட்டை அவிழ்த்துக் காலை நீட்டினாள்.

"மாசம் இல்லக்கா. கபடி. கம்பி கிழிச்சிடிச்சு, அதுக்குத்தான் ஊசி."

கதவருகே நின்ற நர்ஸம்மா இதைக் கேட்டுவிட்டார். எங்கள் இருவருக்கும் ஊசி போட்டபடியே, "டீமுல எத்தினி பேரு?" என்றார். பன்னிரண்டு என்றோம். "மத்த பத்துப் பேரும் கம்பி கிழிக்கட்டும்னு காத்துக்கினு இருக்காங்களா?" டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கி அவரே மைதானத்துக்கு வருவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு வந்தார். செய்தி பரவி, அம்மாக்கள் சிலர் வேலியோரம் நின்றார்கள். கார்னர்காரியின் அப்பாவும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"கண்ணாலம் ஆவாத பொண்ணுங்களுக்கு இது எதுக்கும்மா?" என்று நர்ஸம்மாவைக் கேட்டார்.

"நீங்க எங்க வேல பாக்கறீங்க?"

"உருக்காலைல."

"நீங்க போட்டுக்கினு இருக்கீங்களா?"

"போன வருசம் கால்ல ஆணி ஏறிச்சு. கம்பெனில இட்டுக்கினு போய்ப் போட்டாங்க."

"அப்ப உங்களுக்கு எத்தினி மாசம்?"

வேலியோரம் முதலில் யாரோ ஒரு அம்மா சிரித்தாள். பிறகு எல்லோரும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போடுங்கம்மா, எல்லாருக்கும் போடுங்க" என்றார், ஏதோ அவர்தான் ஏற்பாடு செய்ததைப் போல.

பத்துப் பேரும் ஜெர்சிக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மறைவு எதுவும் இல்லை, தெருவே பார்த்தது. பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு இரண்டு பேர் வந்து, "எங்களுக்கும் உண்டா மேடம்?" என்று கேட்டார்கள். ரெய்டருக்குக் கை இரண்டு நாள் வலித்தது. அதற்கடுத்த ஞாயிறு அதே கையை நீட்டி என்னையே தொட்டுவிட்டுக் கோடு தாண்டினாள்.

காயம் ஆறி, கார்னர்காரி கடைசி வாரம் களத்துக்குத் திரும்பினாள். கும்மிடிப்பூண்டியில் இறுதி ஆட்டம், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பெண்களோடு. படகு தள்ளிப் பழகிய கால்கள் அவர்களுக்கு. பிடித்தால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். கடைசி ரெய்டின்போது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அவர்களின் ரெய்டர் வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் திரும்பினாள். கார்னர்காரி பாய்ந்தாள். கணுக்கால் அகப்பட்டது. ரெய்டர் அவளையும் இரண்டடி இழுத்துப் பார்த்தாள், பிடி விடவில்லை. நாங்கள் அத்தனை பேரும் மேலே விழுந்தோம். விசில் ஒலித்தது.

எழுந்தபோது என் வாயெல்லாம் மண். கூட்டத்திலிருந்து அவள் அப்பாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "எம்பொண்ணுப்பா அது, எம்பொண்ணு" என்று பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும்போது மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், கோப்பையை வாங்கிப் பார்க்காத பெண் இல்லை. கவரைப்பேட்டையில் இறங்கும்வரை அது எங்கள் கைக்குத் திரும்பி வரவே இல்லை.