ஓவன் கதவைத் திறக்காதே, அக்கா

என் அக்கா வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் பம்பரம். பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் அத்தனையும் அங்கேதான் வெளுக்க வரும். அக்கா இஸ்திரிப் பக்கம். சுழலும் சூட்டு உருளைக்குள் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக் கொடுப்பாள். மறுபக்கம் அது காகிதம்போல் மொடமொடவென்று வெளியே வரும். உருளை நிற்காது, அவளும் நிற்கமாட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கமாட்டாள் என்பதுதான் சிக்கல். "பம்பரத்தைக் கட்டிக்கிட்டவன் கயிறாத்தான் இருக்கணும்" என்பார் மாமா, நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு.

அவர்கள் வீட்டுச் சின்ன அறையில்தான் நான் தங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கூடத்துச் சுவரில் அவர்களுடைய கல்யாணப் படத்தைவிட என் பட்டமளிப்புப் படம் பெரிது. அங்கி, தொப்பி எல்லாம் உண்டு. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

மாமா குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி அது. பெட்டிகள் அடுக்கிய பலகையைக் கொம்பில் ஏந்திக் கூரையை முட்டும் உயரத்துக்குத் தூக்கி வைக்கும். அதனால் அங்கே அவர் கொம்பன். போன மழைக்காலத்தில், உறைபனி அறைக்குள் வண்டியில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்துவிட்டது. உச்சியில் நின்ற சுமையை மெல்லக் கீழே இறக்கி, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார்.

இந்தக் கதையை இருவருமே சொல்வார்கள். மாமா சொன்னால் வீரக் கதை: "ஒரு பெட்டி நசுங்கல மாப்ள!" அக்கா சொன்னால் அதுவே குற்றப்பத்திரிகை: "உயிர் போற நேரத்துலயும் பெட்டியைத்தான் பாத்தாரு. வீட்டுல ஒருத்தி இருக்காளேன்னு நினைச்சாரா?"

ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது உணவு ஆலோசகரிடம் பேச என்னைத்தான் உள்ளே தள்ளினார்கள். படித்தவன் அல்லவா? மத்தியதரைக் கடலோரத்தில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிடட்டும் என்றார் அந்த அம்மா. மீன், காய்கறி, ஆலிவ் எண்ணெய். உப்பு குறைவு, பொரித்தது கூடவே கூடாது. வந்து ஒப்பித்தேன். மாமா கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"அந்தக் கடல்காரங்களுக்கு நெஞ்சுவலியே வராதா மாப்ள?"

"குறைவாம் மாமா."

"அவங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு கேட்டியா?"

அதை நான் கேட்கவில்லை.

சமையல் என்னவோ சுலபம்தான். முள்ளெடுத்த வெள்ளை மீன் துண்டுகளைத் தாளால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். தட்டில் வெங்காயம், தக்காளி, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் ஆலிவ் காய். அதன்மேல் மீன். மீனின்மேல் எண்ணெய், மிளகு, வட்டமாக அரிந்த எலுமிச்சை. சூடேறிய ஓவனுக்குள் தள்ளிக் கதவை மூடினால், நாம் முகம் கழுவி ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி முடிப்பதற்குள் வெந்துவிடும். வேலை முடிந்து அலுத்து வருகிறவர்களுக்கென்றே செய்த சமையல். கிளற வேண்டாம், கிட்டே நிற்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அக்காவுக்கு வராத ஒரே வேலை அந்தச் சும்மா இருப்பதுதான். கதவைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். உள்ளே சேர்ந்த சூடெல்லாம் அவள் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். மீன் பாதி வெந்தும் வேகாமலும் உட்கார்ந்திருக்கும்.

இருந்தாலும் மாமாவுக்கு உடம்பு தேறியது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. கிடங்கில் அவரை வாசல் கேட்டில் உட்காரவைத்து, வருகிற போகிற லாரிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். "நாற்காலி ஓடிப்போயிடாம காவல் காக்குறேன்" என்பார். வண்டியில் ஏற வேண்டும் என்ற ஆசை நாளுக்கு நாள் கண்ணில் தெரிந்தது. எனக்கோ அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. கம்பெனி டாக்டர் அவரைச் சோதித்துப் பார்த்து முடிவு சொல்லும் நாள் வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று நான் அலுவலகம் விட்டு வந்தபோது மீன் ஏற்கெனவே ஓவனில் இருந்தது. மாமா வரவில்லை. அக்கா ஈரத் துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டேய், உனக்குப் போன் பண்ணாரா?"

"இல்லக்கா. பஸ்ல இருப்பாரு."

"பஸ்ல ஏறினா காதைக் கழட்டி வச்சிருவாங்களா?" ஓவனைத் திறந்தாள்.

"திறக்காதே அக்கா. சூடு போயிடும்."

"பாக்காம எப்படிடா வேகும்?"

"நீ பாத்தாத்தான் அது வெக்கப்படுது."

கைத்துணி என் தோளில் வந்து விழுந்தது. "இதைச் சொல்லிக் குடுக்கத்தான் காலேஜா?"

ஜன்னலுக்குப் போனாள். கீழே தெருமுனை நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். திரும்பி வந்தாள். மீனை வெளியே எடுத்தாள், ஆறிவிடும் என்று மறுபடி உள்ளே வைத்தாள். எலுமிச்சை ஓரங்கள் கருக ஆரம்பித்தன.

"பாஸ் ஆயிருப்பாராடா?"

"கண்டிப்பா ஆயிருப்பாரு. நீ போட்ட சாப்பாடு அப்படி!"

சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். முகம் சுண்டிப்போனது. "உன் வாயைக் கொண்டுபோய்த் தண்ணியில கழுவு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தேற வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வேளையும் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். தேறினால் நேரே அந்த வண்டியில்தான் போய் ஏறுவார். அவளுடைய மீன்தான் அவரை ஒரு படி ஒரு படியாக அங்கே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது. தெரிந்தும் உப்பைக் கூட்டாமல் சமைத்தவள், டாக்டராவது வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு மாமா வந்தார். செருப்பெல்லாம் புழுதி, பஸ்ஸில் வந்தவர் மாதிரி இல்லை. யாரையும் பார்க்காமல் கை கழுவி உட்கார்ந்தார். அக்கா தட்டை வைத்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"இது மீனா, போன மாசம் அறுந்துபோன என் செருப்பா?"

"நேரத்துக்கு வந்திருந்தா மீன். எங்க போனீங்க?"

"நடந்து வந்தேன்."

"கிடங்குலேருந்தா?"

"ம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

மாமா தக்காளியை ஓரமாக ஒதுக்கினார். "ஏறலாம்னுட்டாரு."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மத்தியானமே சொல்லிட்டாரு. ஒரு நடை ஓட்டியும் பாத்தேன். மேல் அடுக்கு வரைக்கும் தூக்கினேன். கை ஆடவே இல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மூஞ்சியோட உன் முன்னால வந்து நிக்க பயமா இருந்துச்சு. கொஞ்சம் வாடட்டும்னு நடந்தேன்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் தோத்துடணும்னுதானே வேண்டிக்கிட்டிருந்தே?"

"ஆமா" என்றாள் அக்கா, பட்டென்று.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பக்குவமா சமைச்சுப் போட்டே?"

"வேண்டுற வாய் வேற, சமைக்கிற கை வேற. கைக்கு வஞ்சகம் தெரியாது."

மாமா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "எந்த ஷிப்ட்?"

"சாயங்கால ஷிப்ட்தான் காலியா இருக்காம். அடுத்த வாரத்துலேருந்து. அஞ்சு மணிக்கு இங்கேருந்து கிளம்பணும்."

"ராத்திரிச் சாப்பாடு?"

"கேன்டீன்ல..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். அந்தக் கேன்டீனில் பொரிக்காதது தண்ணீர் மட்டும்தான் என்று அவரே சொன்னது.

"நான் சமைக்கிறேன்கா" என்றேன்.

"உன் ஆபீஸ் விடுறதுக்குள்ள இவரு பாதி லாரியை இறக்கி வச்சிருப்பாரு. போடா."

போனை எடுத்தாள். சலவைக் கூடத்து மேற்பார்வையாளருக்கு. இப்போதைய ஷிப்டில் அவள் வீடு வந்து சேரவே ஐந்து மணி தாண்டிவிடும்; அதனால் காலை ஷிப்ட் கேட்டாள். அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது: "காலையில பிரிப்பறையில மட்டும்தான் ஆள் வேணும் பம்பரம். நீ எதுக்கு அங்க?"

பிரிப்பறை என்றால் வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும் இடம். இரத்தம், வாந்தி, சில நேரம் மறந்துபோய்ச் சுருட்டிய ஊசி. அங்கே பல வருஷம் கிடந்துதான் அவள் இஸ்திரிப் பக்கம் வந்து சேர்ந்தாள். வந்த அன்று கடைக்குப் போய்ப் புது வளையல் வாங்கிக்கொண்டாள். இனிமேல் நீளக் கையுறை வேண்டாம் என்பதற்காக.

"போட்டுக்கங்கண்ணே" என்றாள் போனில்.

"வேணாம்" என்றார் மாமா, எழுந்தே விட்டார். "நான் கேட்லயே உட்காந்துக்கிறேன். எனக்கென்ன, நாற்காலி இருக்கு."

"உட்காந்து? இன்னும் கொஞ்ச நாள்ல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு எதையாவது வாங்கித் தின்னுவீங்க. நீங்க ஏறுங்க, நான் இறங்கிக்கிறேன். சாப்பிடுங்க முதல்ல, செருப்பு ஆறுது."

அடுத்த வாரம் முதல் நாள் எனக்கு அலுவலகத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டாள், கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி சோப்புப் போட்டாள். வளையல்கள் ஜன்னல் திண்டில் கிடந்தன. தட்டு ஓவனுக்குள் போனது. வெள்ளரிக்காயை நறுக்க உட்கார்ந்தாள்.

மாமா குளிர்ச்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். மணி பார்த்தார். சாவிக்கொத்தைத் தடவினார். பிறகு குனிந்து ஓவன் கதவைத் திறந்தார்.

"மூடுங்க!" என்று அக்கா கத்தினாள். "சூடு போகுதுல்ல?"

அவர் மூடினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்தேன்.

அன்று மீன் பூவாய் வெந்திருந்தது. மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படி இறங்கினார். அக்கா தன் பங்கைக் கையில் ஏந்தி ஜன்னலில் நின்றபடியே தின்றாள். பஸ் வந்தது. அவர் ஏறினார், மேலே பார்த்துக் கையைத் தூக்கினார். இவள் கையில் மீன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உட்காரேன்கா" என்றேன்.

"உட்காருறேன்டா" என்றாள். போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு கழுவிய தட்டையே எடுத்து இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தாள்.