மரத்துப்போன இடத்தில் ஏறிய சூடு: ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு சிகிச்சைப் பயணம்

ஊர் சுற்றிய கதைகளைத்தான் இங்கே எழுதுவேன். இது வேறு மாதிரிப் பயணம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், பள்ளி ஆசிரியையான என் அக்கா கிரேஸை வாரம் இருமுறை ஊரப்பாக்கத்திலிருந்து நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். புற்றுநோய்க்காக மார்பகம் எடுத்த இடத்தில் மறுபடி கட்டிகள். கதிர்வீச்சோடு சூட்டு சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கட்டியைச் சூடாக்கினால் கதிர்வீச்சு இன்னும் நன்றாக வேலை செய்யுமாம்.

ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் காலை ஏழு மணி ரயிலை விட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்குக் காய வேண்டும். தாம்பரத்தில் வண்டி மாறினால் உட்கார இடம் கிடைக்கும். பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா? ரோடு பேஜாரா கீது, மெதுவாவே போறேன்" என்றார் ஆட்டோக்காரர். சொன்னபடியே போனார்.

மருத்துவமனையில், கட்டிகள்மேல் தண்ணீர்ப் பை, அதன்மேல் சூடேற்றும் கருவி. முக்கால் மணி நேரம். சூடு ஒரே சீராகப் பரவாதாம். எலும்பு, தழும்பு இருக்கும் இடங்களில் திடீரென ஏறிவிடுமாம். அதற்காகத் தோலில் அங்கங்கே மெல்லிய வெப்பமானிக் கம்பிகளை ஒட்டினார்கள்.

"எங்கயாவது சுருக்குன்னா உடனே சொல்லுங்க டீச்சர்" என்றார் கருவியை இயக்கிய லதா.

விலாவருகே சுட்டது. அக்கா சொன்னாள். லதா சூட்டைக் குறைத்துக் கருவியை நகர்த்தினார். வேறெங்கும் ஒன்றுமில்லை என்றாள் அக்கா. திரும்பும்போது, மீனம்பாக்கம் தாண்டியதும் அவள் ரவிக்கை ஈரமாகியிருந்தது. வியர்வை என்று நினைத்தோம். வீட்டில் பார்த்தால், தழும்பின் நடுவில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

நோய் திரும்பிவிட்டது என்றபோதுகூட அழாதவள் அன்று அழுதாள். "என் ஒடம்புடி. வெந்துபோயிருக்கு, எனக்கே தெரியலையே."

"ஆபரேஷன்ல நரம்பு போயிருக்கும், அந்த இடம் மரத்துப்போச்சு. நாங்கதான் மொதல்லயே சோதிச்சிருக்கணும்" என்றார் டாக்டர். புண் ஆறும்வரை சூட்டை நிறுத்தினார்கள். அதற்குள் கட்டி வளர்ந்துவிடுமோ என்று அக்கா தினமும் கண்ணாடி முன் நின்றாள்.

புண் ஆறி மறுபடி சிகிச்சைக்குப் போனபோது, லதா அவளைக் கண்மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்.

"தெரியுதா?"

"ம்."

"இப்போ?"

பதில் இல்லை. பதில் வராத இடத்தையெல்லாம் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை போனது அது. அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. கோட்டுக்குள் மேலும் இரண்டு கம்பிகளை ஒட்டி, தண்ணீர்ப் பையை இடைவெளியில்லாமல் படிய வைத்து, தோல் வேகாதிருக்க அதற்குள் சற்றுக் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டார்.

பாதியில், கோட்டுக்குள் இருந்த ஒரு கம்பி சூடு ஏறுவதைக் காட்ட, அவர் கை கருவியின் பொத்தானுக்குப் போனது. அக்கா பார்த்துவிட்டாள்.

"இப்ப சுட்டுச்சா?"

"ஆமா டீச்சர். கொறைச்சுட்டேன்."

அதன் பிறகு கொப்புளம் வரவில்லை. கட்டிகள் சுருங்கி மறைந்தன. அடுத்த ஆண்டு நோய் நுரையீரலுக்குப் போகும்வரை அக்கா பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்படிப் போகிறவர்களுக்கு: தளர்வான பருத்தி உடை நல்லது. பதினொரு மணிக்கு மேல் தாம்பரம் திரும்பும் வண்டிகளில் கூட்டம் இருக்காது. எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். தொட்டால் தெரியாத இடம் எது என்பதை, யாரும் கேட்காவிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டி உடுத்தியது நான்தான். அந்த இடத்தில் தோல் சுத்தமாக ஆறியிருந்தது.