மியூட்

அலுவலகத்தில் யாருடைய மெசேஜ் ஆப் மக்கர் செய்தாலும், கணினிப் பிரிவுக்காரரைத்தான் ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். அவருடைய பக்கத்து மேசை நண்பர் அவரிடம் ஓயாமல் புலம்புவார்: “நீ அனுப்புற மெசேஜுக்கு மட்டும் சத்தமே வரமாட்டேங்குதுடா.”

டாக்டர் பாவம், நெட்வொர்க்கைத் திட்டித் தீர்த்தார். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றியும் பார்த்தார், பலனில்லை.

இன்று நண்பர் வழக்கம்போல் போனை அவர் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போனார். டாக்டர் செட்டிங்ஸைக் குடைந்தார். மியூட்டில் இருந்தது ஒரே ஒரு பெயர், டாக்டருடையது. தொல்லை பிடித்தவர்களை அப்படி அடக்கலாம் என்று நண்பருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவரேதான்.

“சரியாச்சாடா?” என்றபடி நண்பர் வந்தார்.

“ஆப்ல ஒரு கோளாறும் இல்லடா,” என்று டாக்டர் போனை நீட்டினார். “நீ சொன்னதை அப்படியே கேட்டிருக்கு.”