அவள் போட்ட நிபந்தனை

அவளும் நானும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் ஒரே நாளில் கணினி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெரு. நான் காலடிப்பேட்டை. அந்த வேலையை விட்ட பிறகு, வீட்டிலிருந்தபடியே ஆளுக்கொரு மென்பொருள் எழுதி, அதை எழுதிய வரிகளான மூல நிரலோடு இணையத்தில் வைத்தோம். என்னுடையது, கிடங்கின் வாசல் கேட்டுக்குள் வரும் டிரெய்லரின் படத்தைப் பார்த்து கன்டெய்னர் எண்ணைப் படிக்கும். அவளுடையது, எந்தப் பெட்டியை எதன்மேல் அடுக்க வேண்டும் என்று சொல்லும்.

வெளியிடும்போது உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எம்ஐடி உரிமம் போட்டேன். யாரும் எடுக்கலாம், விற்கலாம், என் பெயரும் உரிம வரிகளும் அதில் இருந்தால் போதும். அவள் போட்டது ஜிபிஎல். அவள் நிரலைத் தன் பொருளில் சேர்த்து விற்பவர், அந்தப் பொருளின் மொத்த மூல நிரலையும் வாங்குபவருக்குத் திறந்து கொடுக்க வேண்டும்.

"இத எவன்டி தொடுவான்? கம்பெனிக்காரன் ஜிபிஎல்லுன்னு பாத்தாலே ஓடிடுவான்" என்று சிரித்தேன்.

"ஓடுனா ஓடட்டும். எம்மா நாள் ஒக்காந்து எழுதிக்கிறேன். சும்மா தூக்கினு போய் வித்துகினு இருப்பானா?"

முதலில் நான் சொன்னதுதான் நடந்தது. என்னுடையதை எங்கெங்கோ இருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவளுடையதை யாரும் சீண்டவில்லை. ஒவ்வொரு முறையும் அதை அவளிடம் மறக்காமல் சொன்னேன்.

ஒருநாள் போன் செய்தாள். "ஒரு கம்பெனிலேர்ந்து பேச கூப்டுறானுங்கடி. பேஜாரா கீது, நீயும் கூட வா."

கிடங்குகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் அது. அவளுடைய நிரல் அவர்களுக்குத் தேவைப்பட்டது, ஆனால் தங்கள் நிரலைத் திறந்து காட்ட விருப்பமில்லை. எல்லா வரியும் அவள் ஒருத்தியே எழுதியது என்பதால், அந்த நிபந்தனை இல்லாத தனி உரிமத்தை அவளால் விற்க முடியும். அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"கன்டெய்னர் நம்பர் படிக்கிற புரோகிராம் இவ எழுதுனதுதான் சார்" என்று மேலாளரிடம் என்னைப் பெருமையாகக் காட்டினாள்.

அவர் முகம் மலர்ந்தது. "நீங்கதானா மேடம்? ரெண்டு வருஷமா எங்க கேட் சாஃப்ட்வேர்ல உங்களோடதுதான் ஓடுது. ரொம்ப தேங்க்ஸ்!"

கைகுலுக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பி, வருடக் கட்டணம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை. நான் கொடுத்த அனுமதி அது.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். "சூப்பர்டி" என்றேன். ராயபுரத்தில் அவள் இறங்கிய பிறகு, டிரெய்லர் வரிசைக்கு நடுவில் பஸ் நகராமல் நின்றது. அத்தனை நேரமும் ஒன்றையே நினைத்தேன்: பழைய அலுவலகத்தில் இவள் செய்த பிழைகளையெல்லாம் திருத்தியவள் நான்.

அந்த வாரமே என்னுடைய புதிய பதிப்பை ஜிபிஎல்லுக்கு மாற்றினேன். நிறுவனம் அசையவில்லை. பழைய பதிப்புக்குக் கொடுத்த அனுமதி கொடுத்ததுதான், அதைத் திரும்ப வாங்க முடியாது. யாரோ அந்தப் பழைய பதிப்பை நகலெடுத்து, வேறு பெயரில் வளர்க்கத் தொடங்கினார்கள். என்னுடையதைப் பயன்படுத்தி வந்தவர்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டார்கள்.

"ஏன்டி மாத்துன?" என்று கேட்டாள்.

"சும்மாதான்."

பிறகு ஒப்பந்த நகல் வந்தது. "இந்த இங்கிலீசு எனுக்கு ஒண்ணும் புரியல, நீ பாத்து சொல்லு" என்று எனக்கு அனுப்பினாள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: அவள் மென்பொருளின் பதிப்புரிமையே நிறுவனத்துக்குப் போகிறது. கையெழுத்துப் போட்டால் அதை அவள் வேறு யாருக்கும் விற்க முடியாது. அடுத்த பதிப்பு எழுதக்கூட அவர்களைக் கேட்க வேண்டும்.

பார்த்தேன். மூடி வைத்தேன்.

"படிச்சியா?" என்றாள் மறுநாள்.

"படிச்சுகினு கீறேன்."

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டாள். "கோயிலுக்கு போய்ட்டு அப்டியே கையெழுத்து போட போறேன். தப்பா ஏதனா இருந்தா நீ சொல்லிருப்ப இல்ல?"

"இரு. போடாத. பதினோராவது பக்கத்த எடு" என்றேன்.

நிறுவனம் முனகியபடி அந்த வரியை எடுத்தது. அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு, "இவ மட்டும் இல்லேன்னா நான் காலிம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா என் தட்டில் இன்னொரு வஞ்சிரத் துண்டை வைத்தார். சாப்பிட்டேன். அந்த இரண்டு நாளைப் பற்றி இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் இன்னொரு நிறுவனமும் அவளைத் தேடி வந்தது. கேட்டதும் வயிறு எரியத்தான் செய்தது. ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன், அன்றைக்கே படித்து முடித்து அன்றைக்கே பதில் போட்டேன்.