ஆடு கடிக்காத பூ

முனவ்வராவிடம் யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல வாய் வராது. அந்தக் குணம்தான் அவளைக் கடைசியில் மையவாடி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைத்தது.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு கற்பிட்டிப் பக்கம் வந்தவள். மறுவருடமே இரண்டு வயது மகள் றஹ்மா முகாமில் காய்ச்சலில் மவுத்தானாள். மையவாடியில் அடக்கிய கபுறின் தலைமாட்டில் கல் நட வழியில்லை. செடி நட்டால் ஆடுகள் விட்டுவைக்குமா? வெங்காயத் தோட்டத்தில் கூட வேலைசெய்த மாக்கிறட்தான் வேலியோரத்திலிருந்து சிவப்பு லில்லிக் கிழங்கொன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

"இத ஆடு மணந்து பாத்திட்டுப் போயிடும், பயப்பிடாத."

பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கமில்லை. கணவன் நஸீர்தான் நட்டான். வெறும் மணலில் பிடிக்காதென்று வண்ணாத்திவில்லிலிருந்து ஒரு டின் செம்மண் கொண்டுவந்து அடியில் போட்டான்.

பூத்ததும் வேலிக்கு வெளியே நின்று பார்த்த பெண்களெல்லாம் தங்கள் வீட்டுக் கபுறுகளுக்கும் கிழங்கு கேட்டார்கள். மாக்கிறட்டிடம் கடகம் கடகமாக வாங்கிப் பங்கிட்டாள் முனவ்வரா. பிறகு அந்தப் பூவுக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. வேலி, தண்ணீர் ஓடும் கான், ரோட்டோரமென்று கண்ட இடமெல்லாம் தானே முளைத்தது.

நஸீர் போன வருடம் மவுத்தாகிவிட்டான். இப்போது பள்ளிவாசல் நிர்வாகம் அறிவித்துவிட்டது: பழைய பக்கத்தில் புதுக் கபுறு வெட்டப்போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் கட்டை அடித்து அடையாளம் காட்டிய கபுறுகளை மட்டும் தொடமாட்டார்கள். உள்ளே ஒரே சிவப்பு.

"எது ராத்தா? எண்பது பத்தை இரிக்கி" என்றான் கபுறு வெட்டும் மர்ஸூக்.

'ஊருக்கெல்லாம் குடுத்தியே, இப்ப உன்ட புள்ள எங்கடி?' என்று தன்னையே திட்டித் தீர்த்தாள். அழுது ஓய்ந்த பிறகுதான் அந்த டின் ஞாபகம் வந்தது.

"தம்பி, கையால மண்ணக் கிளறிப் பாருங்க. அடியில செம்மண் இரிக்கிறதுதான் என்ட புள்ள."

மதிய லுஹர் பாங்குக்கு முன் மர்ஸூக் வாசலுக்கு வந்தான். கை முட்டி வரை மண்.

"கண்டுட்டேன் ராத்தா, கட்டையும் அடிச்சிட்டேன். ஒரு கிழங்கா வச்சீங்க? முப்பத்தேழு குட்டி இரிக்கி!"

"யா அல்லாஹ், ரெண்டு வயசில போனவளுக்கு இத்தின புள்ளையா!" முனவ்வரா வாய்விட்டு அழுதாள்.

மர்ஸூக் கைமண்ணைத் தட்டிவிட்டுக் கேட்டான். "ராத்தா, அதுல ஒரு குட்டி தாறீங்களா? என்ட வாப்பாட தலைமாட்டில வைக்க."

"இல்ல தம்பி," என்றாள் முனவ்வரா. "வேற எதிலயும் பிடுங்குங்க. இதுகள் தாயோட இருக்கட்டும்."