எனக்கு இல்லாத ஒரு வருஷம்

எங்கள் ஆயா செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. அழுதேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அழுகையைவிட வயிற்றெரிச்சல்தான் எனக்கு அதிகமாக இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிச்சல் ஆயாவின் மேல் இல்லை. ஆயாவிடம் படித்த ஒருத்தியின் மேல்.

ஆயா என்றால் நைனாவின் அம்மா. சித்தூரில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றது. நான் அதே ஊரில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். ஆயா வாயால் நான் ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டதில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது ஆயாவுக்குத் தொண்டை கட்டிப் போயிருக்கும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கத்திவிட்டு வந்து எனக்குச் சைகையில் பதில் சொல்லும்.

அந்த ஊரார் பிள்ளைகளில் ஒருத்திதான் இவள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை, மற்ற நாளில் எங்கே கூலி கிடைக்கிறதோ அங்கே. அவளை ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். ஆயா அவளைக் காலிடுக்கில் உட்காரவைத்துப் பேன் பார்க்கும். "துன்னியா, துன்னலியா? மூஞ்சப் பாத்தா துன்ன மாதிரி தெரியலியே" என்று கேட்டுக்கொண்டே சீப்பை இழுக்கும். என் தலையில் பேன் இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

வருஷக் கடைசியில் ஆயா பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்துப் புது நோட்டு செய்யும். முதல் நோட்டு அவளுக்குத்தான். எனக்குக் கடையில் வாங்கின, பளபளவென்று அட்டை போட்ட நோட்டுகள் இருந்தன. எனக்கு அந்தத் தைத்த நோட்டுதான் வேண்டும். கேட்டால், "உனுக்கு இன்னாத்துக்குடி அது?" என்று ஆயா சிரித்துவிட்டது. மறுநாள் அவள் மறந்து விட்டுப்போன நோட்டை எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஆயா என்னை அடிக்கவில்லை. இன்னொரு நோட்டு தைத்தது, நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை எனக்குக் கொடுத்தது. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

எனக்குக் கல்யாணமாகி நான் திருப்பதிக்கு வந்தேன். அதற்கு முன்பே அவளுக்குத் திருமலையில் வேலை கிடைத்திருந்தது, பக்தர்களுக்கு ரூம் கொடுக்கும் ஆபீஸில். மலைமேலேயே குவார்ட்டர்ஸ், புருஷன், ஒரு பிள்ளை என்று நன்றாகத்தான் இருந்தாள். மாதம் ஒரு முறை மலையிலிருந்து இறங்கி, இரண்டு பஸ் மாறி, சித்தூருக்குப் போய் ஆயாவைப் பார்த்துவிட்டு வருவாள். போகிற வழியில் எனக்குப் போன் செய்வாள். "பாப்பா, டீச்சருக்கு எதனா குடுத்து அனுப்பறியா?" நான் பிள்ளை பெற்ற பிறகும் அவளுக்கு நான் பாப்பாதான். திருப்பதியிலிருந்து சித்தூர் ஒன்றும் தூரமில்லை. நான்தான் பண்டிகைக்குப் பண்டிகை போய்க்கொண்டிருந்தேன். குழந்தைக்குச் சளி, வீட்டுக்காரருக்கு ஸ்ரீசிட்டி பாக்டரியில் ஷிப்ட் என்று காரணத்துக்கா பஞ்சம்?

ஆயா போன அன்று நான் போய்ச் சேருவதற்குள் அவள் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் பேத்தியாம்மா?" என்று கேட்டாள். இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்த பிறகு அவள் நைனாவிடம் வந்தாள்.

"டீச்சருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குதுங்க. பாப்பாவுக்கு டெலிவரி கஷ்டமா இருந்திச்சில்ல, அப்ப வேண்டிக்கினாங்க. தாயும் புள்ளையும் நல்லபடியா வந்தா, நடந்தே மலையேறி முடி குடுக்கறேன்னு. முட்டி வலியில முடியாம போயிடிச்சி. வண்டியில கூட்டிகினு போறேன்னு எத்தினியோ வாட்டி கூப்பிட்டேன். நடந்துதான் வருவேன்னு வேண்டிக்கினேன்னு சொல்லிட்டாங்க."

எனக்காக வேண்டிக்கொண்டது. என்னிடம் சொல்லவில்லை. இவளிடம் சொல்லியிருக்கிறது.

நைனா அவளைப் பார்த்துச் சொன்னார். "எங்களுக்கு ஒரு வருஷம் தீட்டு. பங்காளிங்க யாரும் மலை ஏறக் கூடாது. வேண்டுதல அவ்ளோ நாள் நிறுத்தி வெக்கறதும் நல்லா இல்ல. நீ மேலயே இருக்கற, உனுக்குத் தீட்டு இல்ல. நீயே செஞ்சிடும்மா."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சரி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பெற்று வளர்த்த குடும்பத்தின் வேண்டுதல், என் உயிருக்காகச் செய்தது, அதையும் இவளா தீர்ப்பாள்? திருப்பதிக்குத் திரும்பியதும் என் மாமியாரிடம் புலம்பினேன். அவர் முறுக்கு பிழிந்துகொண்டே, "உனுக்கு ஏது ஒரு வருஷம்? தாலி கட்டின அன்னிக்கே நீ எங்க வூட்டுப் பொண்ணு ஆயிட்ட. உங்கப்பன் வூட்டுத் தீட்டு பதினாறோட போச்சி. நீ தாராளமா போலாம்" என்றார்.

அவர் சொன்னது முறைப்படி சரிதான். ஆயாவின் வீட்டுக்கு நான் இனி சேர்த்தி இல்லை என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு அது என் காதில் விழவில்லை. அவளுக்கு முன்னால் நான் போய்விடலாம் என்பது மட்டும்தான் விழுந்தது.

அந்த வாரமே விடியற்காலையில் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டேன். பாதிப் படியில் தொடை நடுங்கியது. ஒவ்வொரு படியிலும் நான் நினைத்தது ஆயாவை இல்லை, அவளை. அவள் எனக்கு முன்னால் ஏறியிருப்பாளா, முடி கொடுத்திருப்பாளா என்றே போய்க்கொண்டிருந்தேன். மூன்று கத்தரி முடி கொடுத்தால் போதும் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மொட்டையே போட்டுக்கொண்டேன். இடுப்புவரை இருந்த முடி. சந்தனத்தைத் தடவிக்கொண்டு நேராக அவளுடைய ஆபீஸுக்குப் போனேன். தரிசனத்துக்குக்கூட இன்னும் போகவில்லை. அவள் என் தலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். நான் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அவங்க இப்ப மேல இல்லீங்க. அவங்க வூட்ல பெரியவங்க தவறிட்டாங்க. ஒரு வருஷம் மலை ஏறக் கூடாதுன்னு கீழ டூட்டி கேட்டு வாங்கிகினு போய்ட்டாங்க. குவார்ட்டர்ஸும் காலி பண்ணிட்டாங்க, புள்ளைய வேற ஸ்கூல்ல சேத்துட்டாங்க. படிக்க வெச்ச டீச்சர்தானே, உனுக்கு எதுக்கு இதெல்லாம்னு நாங்ககூட சொன்னோம். கேக்கல."

"அது எங்க ஆயா" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பெண் நிமிர்ந்து என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். "சொந்த ஆயாவா? அப்ப நீங்க எப்பிடிங்க மேல வந்தீங்க?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேண்டுதல் தீர்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்காக வரவில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவளை முந்த வந்தேன். அவளோ யாரும் கொடுக்காத ஒரு வருஷத்தைத் தானே எடுத்துக்கொண்டு கீழே போய் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, முன்பைவிட அதிகமாக.

"எனக்குக் கல்யாணம் ஆயிடிச்சிங்க" என்றேன். "எனக்குத் தீட்டு இல்லன்னு சொன்னாங்க."

"ஓ, சரிங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரை அவள் கூப்பிட்டாள்.